நாலாம் டவர், இரண்டாம் போர்ட்

காவல்கிணறு தாண்டியதும் வண்டி தானாகச் சாய்கிறது.
ஆனி பதினெட்டு. கணவாய்க் காற்று
ஹெல்மெட்டுக்குள் புகுந்து காதில் ஊதுகிறது.
பணகுடி கன்ட்ரோல் ரூமில் முப்பிடாதி அண்ணன்
எழுந்து நிற்கிறார்,
ஏதோ செய்துவிட்ட முகம்.

ஜன்னலில் ஏழு காற்றாலையும் சுற்றுகின்றன.
திரையில் ஏழும் செத்துக் கிடக்கின்றன.

"ராத்திரி ரெண்டரைல இருந்து இப்படித்தான் மேடம்.
காத்தா இருக்குமோ?"

காற்றில்லை. சுவிட்சின் பச்சை விளக்குகள்
மொத்தமாய், மூச்சு விடாமல் படபடக்கின்றன.
'இந்த முகவரி யாருடையது?' என்று
எங்கோ ஒரு கருவி கேட்ட கேள்வி
வளையத்தில் ஏறிவிட்டது, இறங்க நிறுத்தமில்லை.
ஏழைத் தாண்டினால் மறுபடி ஒன்று.
பழைய கேள்வி சாகுமுன் புதியது அதன் முதுகில்.

போன வருஷம் கான்ட்ராக்ட்காரர்
வளையத்தின் வாலைச் செருகாமல்
தொங்கவிட்டுப் போனது ஞாபகம் வந்தது.
ரேக்கின் பின்னால் தேடினேன்.
காலி ஓட்டையில், வெகு சுத்தமாய், உட்கார்ந்திருந்தது.

"சும்மா தொங்கிக்கிட்டுக் கெடந்துது.
ஆடிட்டுக்கு வாராவன்னு சொன்னாவ.
பாக்க நல்லால்லன்னு நாந்தான்..."

உருவினேன். ஏழும் உயிர்த்தன.

கன்சோல் கேபிள். கறுப்புத் திரை.
இந்த அறையின் சுவிட்சுக்கு முன்னுரிமை
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு.
எண் சிறுத்தால் பதவி பெருக்கும்: இனி இதுதான் வேர்.
டவர்ப் பக்கத்துப் போர்ட்டுகளை
நேருக்கு நேர் இணைப்பு என்று எழுதினேன்.
அப்போதுதான் சட்டென்று கைகுலுக்கும்,
இல்லையென்றால் முப்பது நொடி யோசிக்கும்.
கேமரா, பிரின்டர், அண்ணனின் கம்ப்யூட்டர்,
இவையெல்லாம் ஓரத்துப் போர்ட். அப்பால் ஊரில்லை,
எழுந்தவுடன் வேலைக்குப் போகலாம்.
அங்கே எவராவது ஒரு சுவிட்சைச் செருகினால்
கதவு சாத்திக்கொள்ளும். திறக்க நான் வரவேண்டும்.

ஏழு டவருக்கும் எழுதி முடிக்க மணி மூன்று.
சோறு ஆறிப்போயிருந்தது.

"இப்ப நீங்களே செருகுங்கண்ணே."
"நானா?"
விரல் நடுங்கியது. கிளிக்.
விளக்குகள் ஒருமுறை தடுமாறி
அவரவர் போக்கில் இமைக்கத் தொடங்கின.

நாலாம் டவருக்கு இருபுறமும் வேர் ஒரே தூரம்.
மூன்றின் வழி எண்பதாயிரம்,
ஐந்தின் வழியும் எண்பதாயிரம்.
சரிசமம் என்றால் அண்டைவீட்டு எண்ணைப் பார்க்கும்.
மூன்றின் எண் சிறியது.
ஐந்தைப் பார்த்திருந்த போர்ட் அடைத்துக்கொண்டது.

கணக்குப் பிரிவிலிருந்து தளவாய் சார் போனில்:
"ஒண்ணுமே போகாத ஒயருக்கா
மூணு லட்சம் பில்லு?"

அண்ணனை இரண்டாம் டவருக்கு அனுப்பி
மூன்றுக்குப் போகும் இழையை உருவச் சொன்னேன்.
திரையில் ஓடிக்கொண்டிருந்த பதில்களில்
ஒரு வரி மட்டும் விடுபட்டது.
அடுத்த வரி ஐந்தின் வழி வந்தது.
படம் பிடித்து தளவாய் சாருக்கு அனுப்பினேன்.
நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

இழையைத் திரும்பச் செருகியதும்
நாலின் போர்ட் மறுபடி அடைத்துக்கொண்டது.
"அது பாவம்லா மேடம்" என்றார் அண்ணன், சுக்குக்காப்பியோடு.
"ராப்பகலா முழிச்சிருந்து, ஒரு நிமிஷம் வேல பாத்துட்டு,
திரும்ப வாயை மூடிக்கிடுது."

என் போன் மேஜையில் மல்லாந்து கிடந்தது,
சத்தம் முழுசாய் வைத்து,
நாலு வருஷமாய் அப்படித்தான்.

கிளம்பும்போது வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டு
நாலாம் டவரில் நிறுத்தச் சொன்னார்.
இரும்புக் கதவைக் காற்று பிடித்து இழுத்தது.
உள்ளே, இரண்டாம் போர்ட்டின் இழையில்
வெள்ளை டேப் சுற்றி
மார்க்கரால் எழுதினார், எழுத்துக் கூட்டி:

தொடாதே.
கேட்டுக்கிட்டிருக்கு.